1992: எனக்குப் பிடித்த பன்னிரண்டு பாட்டும், அதைப் பற்றி எல்லாரும் கேட்ட கேள்விகளும்

டிசம்பர் கடைசியில் பழைய வருடம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, அதில் வந்த தமிழ்த் திரைப்பாடல்களில் எனக்குப் பிடித்த பன்னிரண்டை நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் அனுப்புவது என் பழக்கம். மற்ற வருடங்களுக்கு "சூப்பர்" என்று ஒரு வரி பதில் வரும், அதோடு முடிந்துவிடும். 1992-க்கு அப்படி முடியவில்லை. கல்யாண வீட்டில் பார்த்தாலும் கேட்கிறார்கள், ரயில் நிலையத்தில் பார்த்தாலும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

முதல்ல லிஸ்ட்டைச் சொல்லுங்க. எனக்கு வரவே இல்ல.

இதோ. தேவர் மகன் படத்தின் "மாசறு பொன்னே வருக", சின்னத்தாயியின் "நான் ஏரிக்கரை மேலிருந்து", உன்ன நெனச்சேன் பாட்டுப் படிச்சேன் படத்தின் "என்னைத் தொட்டு அள்ளிக்கொண்ட", வண்ண வண்ணப் பூக்கள் படத்தின் "கண்ணம்மா காதல் எனும் கவிதை", சிங்காரவேலனின் "இன்னும் என்னை என்ன செய்யப் போகிறாய்", மீராவின் "ஓ பட்டர்ஃப்ளை", சின்னக் கவுண்டரின் "முத்துமணி மால", என்றும் அன்புடன் படத்தின் "துள்ளித் திரிந்ததொரு காலம்". இந்த எட்டும் இளையராஜா.

மீதி நான்கு: ரோஜாவின் "புது வெள்ளை மழை", "சின்னச் சின்ன ஆசை" இரண்டும் ஏ.ஆர்.ரஹ்மான். அண்ணாமலையின் "ஒரு பெண்புறா" தேவா. அமரன் படத்தின் "வெத்தல போட்ட ஷோக்குல" ஆதித்யன். முதல் பாட்டைத் தவிர மற்றவற்றுக்கு வரிசை எண் எதுவும் கிடையாது.

ஏன் குறிப்பா 1992? 91 ஆகட்டும், 93 ஆகட்டும், அதுலயும் நல்ல பாட்டு இருக்கே.

இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 1992-இல் ஒரு விசேஷம் உண்டு. பொங்கலுக்கு மன்னன், சின்னக் கவுண்டர், அமரன். சித்திரை வருடப் பிறப்புக்கு சிங்காரவேலன், நாடோடித் தென்றல். ஜூனில் அண்ணாமலை. ஆகஸ்டு 15-ஆம் தேதி ரோஜா. தீபாவளிக்கு தேவர் மகன், பாண்டியன், செந்தமிழ்ப் பாட்டு. ராஜா உச்சத்தில் இருக்கிறார், ரஹ்மான் உள்ளே வருகிறார், தேவாவுக்கு முதல் ரஜினி படம் கிடைக்கிறது, மரகதமணி பாலசந்தருக்கு இசையமைக்கிறார். இத்தனை பேரும் ஒரே டீக்கடை டேப்ரெக்கார்டரில் மாறி மாறி ஒலித்த வருடம் அது.

இன்னொரு காரணம் சொந்தக் காரணம். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன், திண்டுக்கல் பக்கம். தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர், தனியார் பஸ் ஆகிய மூன்றும்தான் பாட்டு கேட்கிற வழி. சன் டிவி வந்ததே 1993 ஏப்ரலில்தான். எந்தப் பாட்டு வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது, டிரைவர் போடுவதுதான் பாட்டு. அதனால் பிடிக்காத பாட்டும் முழுசாக மனப்பாடம் ஆகிவிடும். அந்த மாதிரி காதில் விழுந்தவை லேசில் போவதில்லை.

தளபதி பாட்டு ஒண்ணுகூட இல்லையே? குணா? சின்னத்தம்பி?

மூன்றுமே 1991. சின்னத்தம்பி அந்த வருடச் சித்திரைக்கு வந்தது, தளபதியும் குணாவும் அந்த வருடத் தீபாவளிக்கு. இதேபோல எஜமான், வால்டர் வெற்றிவேல், ஜென்டில்மேன் எல்லாம் 1993. "நான் 92-லயே பஸ்ல கேட்டேன்" என்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் வாதாடுவதில்லை, கேசட் படத்துக்கு முன்னாலேயே வருவது வழக்கம்தான். ஆனால் கேசட் வந்த தேதியைப் பிடித்துக்கொண்டால் பட்டியல் எழுதவே முடியாது. படம் தியேட்டருக்கு வந்த வருடம்தான் என் கணக்கு.

அப்படின்னா வண்ண வண்ணப் பூக்கள்? அது 1991-க்கான தேசிய விருது வாங்கின படமாச்சே சார்?

நல்ல பிடி. 1991-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது. ஆனால் விருதுக்கு சென்சார் சான்றிதழ் வாங்கிய தேதிதான் கணக்கு, தியேட்டருக்கு வந்த தேதி இல்லை. படம் மக்களிடம் வந்தது 1992 பொங்கல் சமயத்தில். மேலே சொன்ன விதிப்படி அது என் வருடம்.

உண்மையைச் சொன்னால், "கண்ணம்மா காதல் எனும் கவிதை" பாட்டைச் சேர்க்க இப்படி ஒரு விதி தேவைப்பட்டிருந்தால் நானே ஒன்றைக் கண்டுபிடித்திருப்பேன். ராஜாவே பாடி, கூட ஜானகியம்மா பாடுகிற பாட்டு. ராஜாவின் குரலைப் பலர் அம்மா பாட்டுக்கும் கிராமத்துச் சோகத்துக்கும் மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டார்கள். காதல் பாட்டில் அந்தக் குரல் இப்படித் தணிந்து வருவதைக் கேட்டால் அந்த எண்ணம் மாறும்.

பிடிச்ச பாட்டும் சிறந்த பாட்டும் ஒண்ணுதானே? எதுக்கு "எனக்குப் பிடித்த"ன்னு அழுத்திச் சொல்றீங்க?

ஒன்று இல்லை. சிறந்த பாட்டு எது என்று கேட்டால் யார் எதை மாற்றினார்கள், யார் எதைப் புதிதாகச் செய்தார்கள் என்றெல்லாம் நியாயம் பேச வேண்டிவரும். பிடித்த பாட்டுக்கு ஒரே ஒரு சோதனைதான் வைத்திருக்கிறேன். யாரும் போடச் சொல்லாமல், எந்தக் காரணமும் இல்லாமல், இன்றைக்கும் நானாகத் தேடிப்போய்க் கேட்கிறேனா? கேட்டால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. வரலாற்று முக்கியத்துவத்துக்காக ஒரு பாட்டைக்கூடச் சேர்க்கவில்லை. இதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகள் தேவையே இல்லை, ஆனாலும் கேட்பார்கள்.

"காதல் ரோஜாவே" இல்லாம ஒரு 1992 லிஸ்ட்டா? அநியாயம்ணே!

இதைத்தான் முதல் பதிலிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டில் ஒரு குறையும் இல்லை. எஸ்.பி.பி. அதில் அழுகையைத் தொண்டைக்குள்ளேயே நிறுத்திவைத்திருக்கும் விதம் பெரிய வித்தை. ஆனால் கல்யாண வரவேற்பில் கீபோர்டில், ஹோட்டல் லாபியில் புல்லாங்குழலில், கல்லூரி விழாவில், பாட்டுப் போட்டியில், செல்போன் ரிங்டோனில் என்று அந்தப் பாட்டை நாம் எல்லாரும் சேர்ந்து அரைத்துத் தீர்த்துவிட்டோம். எங்கேயோ ஒலித்தால் நின்று கேட்பேன். நானாகத் தேடிப் போடுவதில்லை.

அதே கேசட்டில் "புது வெள்ளை மழை"க்கு இந்தக் கதி நேரவில்லை. மேடையில் பாடுவது கஷ்டம் என்பதாலோ என்னவோ, அது பிழைத்துக்கொண்டது. உன்னி மேனன் குரலில் அவசரமே கிடையாது. 1985-இல் ஒரு கைதியின் டைரியில் "பொன்மானே கோபம் ஏனோ" பாடிய அதே மனிதர்தான். அதற்குப் பிறகு இத்தனை வருடம் இந்தக் குரலை எங்கே வைத்திருந்தார்கள் என்று தோன்றும். சுஜாதா சேர்கிற இடத்தில் பாட்டின் குளிர் இன்னும் ஒரு படி இறங்கும். படத்தில் காஷ்மீர் என்று காட்டிய பனி மணாலிப் பனி. கேட்கிறவனுக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை.

அந்த வருஷம்தானே ரஹ்மான் வந்து ராஜாவை வீட்டுக்கு அனுப்பினார்? நீங்க என்னடான்னா எட்டுப் பாட்டு ராஜா பாட்டு போட்டிருக்கீங்க?

இந்தக் கதை முப்பது வருடமாக ஓடுகிறது. அந்த ஒரே வருடத்தில் ராஜா இசையமைத்த படங்கள் நாற்பதுக்கு மேல். அப்படிப்பட்டவரை ஆகஸ்டில் வந்த ஒரு படம் வீட்டுக்கு அனுப்பவில்லை. அதற்குப் பிறகுதான் அக்டோபரில் தேவர் மகன் வந்தது.

கதவு எங்கே திறந்தது என்று பார்க்க வேண்டுமானால் ரஹ்மானைப் பார்ப்பதைவிட ஒரு தயாரிப்பு நிறுவனத்தைப் பார்ப்பது நல்லது. பாலசந்தரின் கவிதாலயா. 1989-இல் வந்த புதுப்புது அர்த்தங்கள் படத்துக்குப் பிறகு பாலசந்தர் ராஜாவிடம் போகவில்லை. 1992-இல் கவிதாலயா எடுத்த படங்களைப் பாருங்கள்: அண்ணாமலைக்கு தேவா, ரோஜாவுக்கு ரஹ்மான், வானமே எல்லைக்கு மரகதமணி. ஒரே பேனர், ஒரே வருடம், மூன்று இசையமைப்பாளர்கள், மூவரும் ராஜா இல்லை. முந்தைய வருடம் தளபதி வரைக்கும் ராஜாவோடு இருந்த மணிரத்னம், பாலசந்தருக்காக எடுத்த படத்தில் ஒரு விளம்பர இசைக்காரரைக் கொண்டுவந்தார். ரஹ்மான் வராமல் போயிருந்தாலும் அந்தக் கதவு வழியாக வேறு யாராவது வந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். வந்தவர் ரஹ்மானாக இருந்தது நம் அதிர்ஷ்டம்.

எட்டுக்கு இரண்டு என்ற கணக்கு சண்டைக்காக வைத்தது இல்லை. நாற்பது படத்திலிருந்து எட்டு பாட்டு, ஒரு படத்திலிருந்து இரண்டு பாட்டு. விகிதம் பார்த்தால் ரஹ்மான் ரசிகர்கள்தான் சந்தோஷப்பட வேண்டும்.

தேசிய விருதுல ராஜாவுக்கும் ரஹ்மானுக்கும் டை ஆச்சுன்னு சொல்றாங்களே, நிஜமா?

அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. 1992-க்கான இசை விருதில் தேவர் மகனுக்கும் ரோஜாவுக்கும் நடுவர்களின் ஓட்டு சமமாக விழுந்தது. நடுவர் குழுத் தலைவர் பாலு மகேந்திரா. தலைவரின் ஓட்டு ரோஜாவுக்குப் போனது. முதல் படத்திலேயே ரஹ்மானுக்கு தேசிய விருது. "சின்னச் சின்ன ஆசை"க்காக வைரமுத்துவுக்கும் அதே வருடம் விருது. "இஞ்சி இடுப்பழகி"க்காக ஜானகியம்மாவுக்குச் சிறந்த பாடகி விருது.

இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது ஓட்டுப் போட்ட ஆள்தான். ராஜாவின் நூறாவது படமான மூடுபனியை எடுத்தவர் பாலு மகேந்திரா. அதற்கு அப்புறம் தன் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு அவர் ராஜாவிடமேதான் போனார். நான்கு கேள்விக்கு முன்னால் பேசிய வண்ண வண்ணப் பூக்கள்கூட அவர் படம்தான். நண்பர் ஒருபக்கம், புதுப் பையன் ஒருபக்கம் என்று உட்கார்ந்து, புதுப் பையனுக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார். நானாக இருந்தால் தேவர் மகனுக்குப் போட்டிருப்பேன். அதனால்தான் என்னை யாரும் நடுவராகக் கூப்பிடுவதில்லை.

மாமா, சவுண்டுல அப்படி என்ன பெரிய வித்தியாசம்? எனக்கு ரெண்டுமே பழைய பாட்டு மாதிரிதான் கேக்குது.

கேட்டது என் அக்கா மகன். இப்போதைய இயர்போனில் கேட்பவனுக்கு அப்படித்தான் இருக்கும், அவன் மேல் தப்பில்லை.

ராஜாவின் முறை என்பது பேப்பரில் தொடங்குகிறது. எல்லா வாத்தியத்துக்கும் நொட்டேஷன் எழுதிக் கொடுத்துவிடுவார். பிரசாத் ஸ்டுடியோவில் வயலின்காரர்களிலிருந்து தபேலாக்காரர் வரை உட்கார்ந்து அதைப் பார்த்து வாசிப்பார்கள். அதனால் அந்தப் பாட்டுகளில் ஒரு அறையின் காற்று இருக்கும், வாத்தியங்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு வாசிப்பது தெரியும். ரஹ்மான் தன் வீட்டிலேயே பஞ்சதன் என்று ஸ்டுடியோ வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் தாளத்தைப் போட்டுவைத்து, அதன்மேல் ஒவ்வொரு சத்தமாக அடுக்குவது அவர் வழி. பாடகர் தனியாக வந்து பாடிவிட்டுப் போவார், மற்றதை ராத்திரி உட்கார்ந்து அவர் கோத்துக்கொள்வார். அதனால் ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாக, துடைத்துவைத்த மாதிரி கேட்கும். அடியில் பேஸ் கிடார் நகர்வது சின்ன ஸ்பீக்கரிலும் தெரியும்.

எங்கள் ஊரில் அப்போது புது ஸ்பீக்கர் விற்கிற கடைகளில் வாடிக்கையாளருக்குப் போட்டுக் காட்டியது ரோஜா கேசட்தான். ராஜா பாட்டுக்கு நல்ல ஸ்பீக்கர் வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. குழாய் ஸ்பீக்கரிலும் அது அதுவாகவே இருந்தது. இரண்டையும் இப்படித்தான் நான் பிரித்துவைத்திருக்கிறேன். மேல், கீழ் என்று வைக்கவில்லை.

ரஹ்மானே ராஜாகிட்ட கீபோர்டு வாசிச்சவர்தானே. அப்போ சிஷ்யன்தானே?

வாசித்தவர், சரி. எம்.எஸ்.வி.யிடமும் வாசித்தார், தெலுங்கில் ராஜ்-கோட்டியிடமும் வாசித்தார். அப்பா ஆர்.கே.சேகர் மலையாளத்தில் இசையமைப்பாளர், அவர் சீக்கிரமே போய்விட்டதால் பையன் சின்ன வயதிலேயே வேலைக்கு வந்துவிட்டார். வேலை பார்த்த இடமெல்லாம் குருகுலம் என்றால் பட்டியல் பெரிதாகப் போகும்.

"மாசறு பொன்னே"தான் முதல்லன்னு பிடிவாதமா இருக்கீங்களே, அதுல அப்படி என்ன? பாதிப் பேருக்கு அந்தப் பாட்டு ஞாபகமே இல்ல.

அதனாலும்தான். தேவர் மகன் என்றால் சிவாஜி ஞாபகம் வருவார், "இஞ்சி இடுப்பழகி" ஞாபகம் வரும். இந்தப் பாட்டு அவற்றுக்கு நடுவில் ஒதுங்கி நிற்கும்.

ராகம் மாயாமாளவகௌளை. பாட்டு கிளாஸில் சேர்ந்த முதல் வாரம் குழந்தைகள் சரளி வரிசை பாடுவார்களே, அதே ராகம். எல்லாருக்கும் தெரிந்த, தெருவில் போனால் ஏதாவது ஒரு மாடியிலிருந்து கேட்கிற ஸ்வரங்கள். அதை வைத்துக்கொண்டு ராஜா ஒரு கோயிலையே எழுப்பியிருக்கிறார். சுவர்ணலதா, மின்மினி என்று இரண்டு பெண் குரல்கள், பின்னால் கோரஸ். இரண்டு குரலும் போட்டி போடவில்லை, ஒன்று விட்ட இடத்தில் மற்றது எடுக்கிறது. வரியும் லேசுப்பட்டதில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைக் கொஞ்சுகிற "மாசறு பொன்னே" என்ற விளியை எடுத்து வாலி அம்மனுக்குச் சூட்டிவிட்டார். காதல் பேச்சு சாமி பாட்டாக மாறியது யாருக்கும் உறுத்தவில்லை பாருங்கள்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கேட்பேன். சாமி கும்பிடுகிற ஆள் இல்லை நான், ஆனாலும் கேட்பேன்.

லிஸ்ட்ல பாதி சுவர்ணலதாவும் மின்மினியும்தான் இருக்காங்கபோல?

பாதி இல்லை, நான்கு. ஆனால் கவனித்ததற்கு நன்றி, ஏனென்றால் எனக்கு 1992 என்றால் முதலில் வருவது இசையமைப்பாளர்கள் இல்லை, இந்த இரண்டு பேர்தான். ராஜாவுக்கும் ரஹ்மானுக்கும் நடுவில் கோடு கிழித்துப் பேசுகிறோம். மின்மினி அந்த வருடம் கோட்டின் இரண்டு பக்கமும் பாடிக்கொண்டிருந்தார். ரோஜாவில் "சின்னச் சின்ன ஆசை", தேவர் மகனில் "மாசறு பொன்னே". ஒரே வருடம், ஒரே குரல்.

"சின்னச் சின்ன ஆசை" எளிமையான பாட்டு என்று நினைப்பவர்கள் அதைக் கூடவே பாடிப் பார்க்கட்டும். ரெகே சாயலில் ஆடுகிற தாளத்தின் மேல் ஒரு கிராமத்துப் பெண்ணின் ஆசைகளைக் குறும்பு குறையாமல், குழந்தைத்தனம் கூடாமல் பாட வேண்டும். அடுத்த ஓரிரு வருடத்தில் மின்மினியின் குரலே பாதிக்கப்பட்டது, வெகுகாலம் பாட முடியாமல் போனது. பிறகு திரும்பிவந்து பாடினார் என்பது ஆறுதல்.

சுவர்ணலதாவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 1987-இல் எம்.எஸ்.வி. இசையில் தொடங்கியவர். 1994-இல் "போறாளே பொன்னுத்தாயி"க்குத் தேசிய விருது. 2010 செப்டம்பரில் 37 வயதில் இறந்துபோனார். "நான் ஏரிக்கரை மேலிருந்து" பாட்டில் ஜேசுதாஸ் ஒரு பெரிய மரம் மாதிரி நிற்கிறார், ஆனால் எட்டுத் திசையும் பார்த்துக் காத்திருக்கிற தவிப்பு முழுக்க சுவர்ணலதா குரலில்தான் இருக்கிறது. "என்னைத் தொட்டு அள்ளிக்கொண்ட" பாட்டில் அதே குரலுக்குள் வெட்கம் கலந்த சிரிப்பு வந்துவிடும். பாட்டு முழுக்கச் சிரிக்க மாட்டார், சிரிக்கப் போவதுபோலவே பாடுவார்.

"போற்றிப் பாடடி பெண்ணே" ஏன் இல்ல? தேவர் மகன்ல அதுதானே ஹிட்டு?

ஹிட்தான். மெட்டிலும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தென் மாவட்டத்தில் வளர்ந்தவனுக்கு அந்தப் பாட்டு படத்தோடு மட்டும் நின்றதில்லை. ஊர்வலத்தில், குருபூஜையில், வேண்டுமென்றே அடுத்த தெரு வழியாகப் போகும்போது சத்தம் கூட்டி வைக்கிற பாட்டாக அது மாறிப்போனது. அந்த அடுத்த தெருவில் எனக்கு நண்பர்கள் இருந்தார்கள். அவர்கள் அந்தப் பாட்டை எப்படிக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியும். படத்தின் முடிவு "படிக்க வைங்கடா" பக்கம் போகிறது என்று வாதாடலாம், ஆனால் ஒலிபெருக்கியில் முடிவெல்லாம் போடுவதில்லை.

பிடித்த பாட்டுக்கு நான் வைத்த சோதனை மேலே இருக்கிறது. இதை நானாகத் தேடிப் போடுவதில்லை. அவ்வளவுதான்.

தேவா பாட்டெல்லாம் காப்பிதானே, அவருக்கு எதுக்கு இடம்?

சூரியன் படத்தின் "பதினெட்டு வயது" பாட்டில் சூலமங்கலம் சகோதரிகளின் கந்தசஷ்டி கவசம் கேட்கிறது என்று எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அந்தப் பாட்டும் 1992-தான். ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டு ஆளையே தள்ளிவிடக் கூடாது.

அண்ணாமலை முழுக்கக் கேளுங்கள். ராஜா இல்லாமல் ஒரு ரஜினி படத்தின் அத்தனை பாட்டும் பட்டிதொட்டியெல்லாம் ஓடியது அப்போது சின்ன விஷயமில்லை. ரஜினி படம் தொடங்கும்போது சூப்பர் ஸ்டார் என்று எழுத்து எழுத்தாக வருமே, அதற்கான இசையும் தேவா இந்தப் படத்துக்குப் போட்டதுதான். "வந்தேன்டா பால்காரன்" ஆட்டத்துக்கு, "கொண்டையில் தாழம்பூ" கொண்டாட்டத்துக்கு. நான் எடுத்தது "ஒரு பெண்புறா". ஜேசுதாஸ் குரல், வைரமுத்து வரி. ரஜினி படத்தில் ஹீரோ உடைந்து உட்கார்கிற இடம். பஸ்ஸில் இது வந்தால் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பவர்கள்கூடக் கொஞ்சம் குரலைத் தணிப்பார்கள்.

நடிகர்கள் பாடின பாட்டு ஒண்ணு வச்சிருக்கீங்க, கார்த்திக் பாடினது. அப்போ ரஜினி, கமல் பாடினது?

1992 இந்த விஷயத்தில் தமாஷான வருடம். மன்னனில் "அடிக்குது குளிரு" பாட்டின் மூலம் ரஜினி முதன்முதலாகப் பின்னணி பாடினார், கூட ஜானகியம்மா. சிங்காரவேலனில் கமல் "போட்டு வைத்த காதல் திட்டம்" பாடினார், தேவர் மகனில் "இஞ்சி இடுப்பழகி". அமரனில் கார்த்திக்.

கமல் முறையாகப் பாடத் தெரிந்தவர், அவர் பாடினால் அது பாட்டு. ரஜினி பாடியது ரஜினிக்காகக் கேட்பது. கார்த்திக் பாடியது இரண்டிலும் சேராது. அவர் பேசுகிற மாதிரியே, வாயில் வெற்றிலை இருக்கிற மாதிரியே பாடியிருக்கிறார். ஆதித்யனின் முதல் படம் அது. இன்றைக்கும் ஒரு கல்யாண வீட்டில் இந்தப் பாட்டு வந்தால் சித்தப்பாக்கள் எழுந்துவிடுவார்கள்.

எம்.எஸ்.வி. 92-ல இருந்தாரா?

இருந்தார். தீபாவளிக்கு வந்த செந்தமிழ்ப் பாட்டு படத்துக்கு அவரும் ராஜாவும் சேர்ந்து இசையமைத்தார்கள். 1986-இல் மெல்லத் திறந்தது கதவு படத்தில் சேர்ந்ததுபோல. "சின்னச் சின்னத் தூறல் என்ன" கேட்டுப் பாருங்கள். பதிமூன்றாவது பாட்டு என்று ஒன்று இருந்திருந்தால் அதுதான்.

அதே மாதிரி, "முத்துமணி மால" பாட்டில் எஸ்.பி.பி.யோடு பாடுவது பி.சுசீலா. ஐம்பதுகளிலிருந்து பாடுகிறவர், 1992-இல் ஒரு கிராமத்துக் காதல் பாட்டில் புதுப்பெண்ணாகக் கேட்கிறார். "ஓ பட்டர்ஃப்ளை" பாட்டில் ஆஷா போஸ்லே. மூத்தவர்களும் அந்த வருடத்தில் சும்மா இருக்கவில்லை.

எங்கம்மா கேக்கச் சொன்னாங்க: "அம்மா என்றழைக்காத" ஏன் இல்ல?

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும். கல்யாணி ராகம், ஜேசுதாஸ், வாலி, கோயில் மாதிரியான பாட்டு. அன்னையர் தினத்துக்கு எல்லாரும் போடுகிறார்கள், நானும் கேட்டுவிடுகிறேன். "காதல் ரோஜாவே"க்குச் சொன்ன பதில்தான் இதற்கும்.

இதையெல்லாம் இப்ப எங்க நல்ல தரத்துல கேக்குறது? தேடினா என்னென்னமோ வருது.

பாட்டின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். படத்தின் பெயரையும் 1992 என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். பாட்டுப் பெயரை மட்டும் போட்டால் முதலில் வருவது ரீமிக்ஸ், கவர், எதிரொலி கூட்டிய பதிப்பு. பாட்டின் நீளத்தைப் பாருங்கள், ஒரே பாட்டு இரண்டு நீளத்தில் கிடந்தால் நீளமானதை முதலில் கேளுங்கள். இடையிசை வெட்டிப் போடுகிற பழக்கம் உண்டு, ராஜா பாட்டில் அதை வெட்டினால் பாதிப் பாட்டே போச்சு. பாடகர் பெயர்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சுவர்ணலதா பாடியதற்கு வேறொருவர் பெயர் போட்டிருப்பதை நிறையவே பார்த்திருக்கிறேன்.

கேசட் வைத்திருப்பவர்கள் தூக்கிப் போடாதீர்கள். அப்போது ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் ஒரு படம் என்று வரும். அந்த ஜோடியாலேயே யாரும் கவனிக்காத படத்தின் பாட்டுகள் பலருக்குப் போய்ச் சேர்ந்தன. "துள்ளித் திரிந்ததொரு காலம்" எனக்கு அப்படித்தான் கிடைத்தது. ரெக்கார்டிங் கடையில் பேப்பரில் பாட்டு எழுதிக் கொடுத்து, காலிக் கேசட்டில் பதிந்து வாங்குவோமே, அந்தக் கேசட் இருந்தால் அதைவிடப் பொக்கிஷம் இல்லை.

எனக்கு இருபது வயசுதான் ஆகுது. பன்னிரண்டும் கேக்கப் பொறுமை இல்ல. மூணு சொல்லுங்க.

ராத்திரி, ஹெட்போனில்: "புது வெள்ளை மழை". பஸ்ஸில் ஜன்னல் பக்கம்: "இன்னும் என்னை என்ன செய்யப் போகிறாய்". அதில் எஸ்.பி.பி.யும் ஜானகியும் ஒருவரையொருவர் சீண்டுவதைக் கவனித்தால் போதும். வீட்டில் யாரும் இல்லாதபோது: "நான் ஏரிக்கரை மேலிருந்து". மூன்றும் பிடிக்கவில்லையென்றால் மீதி ஒன்பதும் பிடிக்காது, நேரத்தை வீணாக்க வேண்டாம்.

போன தடவை அனுப்பின லிஸ்ட்ல "தூது செல்வதாரடி" இருந்துச்சே? ஏன் தூக்கிட்டீங்க?

மேலே சொன்ன சோதனையின் விளைவு அது. தேடிப்போய்க் கேட்பது மாறினால் பட்டியலும் மாறும். சிங்காரவேலனிலிருந்து இரண்டு வேண்டாம் என்று நினைத்தேன், ஜானகியம்மா தனியாகப் பாடியதை விட்டுவிட்டு ஜோடிப் பாட்டை வைத்துக்கொண்டேன். அடுத்த தடவை திரும்ப வரலாம்.

சரி, 1993 லிஸ்ட் எப்ப?

வரும் டிசம்பரில். தகராறு இப்போதே தொடங்கிவிட்டது. அந்த வருடம் ரஹ்மானுக்கு ஜென்டில்மேன், திருடா திருடா, கிழக்குச் சீமையிலே, புதிய முகம் என்று வரிசையாக இருக்கிறது. ராஜாவுக்கு எஜமானும் கலைஞனும். மேலே சொன்ன எட்டுக்கு இரண்டு கணக்கு அதில் நிற்காது. யாருக்காவது ஏதாவது பாட்டுக்காகச் சிபாரிசு செய்ய வேண்டுமென்றால் நவம்பருக்குள் சொல்லிவிடுங்கள். "காதோடுதான் நான் பாடுவேன்" 1993 என்று யாரோ எழுதியிருந்தீர்கள், அது 1972.